ஏற்காட்டு டி-ரெக்ஸ் சிலையின் கைகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், ரோட்டோரமாகச் சும்மா கிடந்த அரை ஏக்கரில் பிள்ளைகள் விளையாட ஒரு சின்னப் பூங்கா அமைத்தார். நடுவில் டைனோசர் சிலை வேண்டும், அதுவும் டைரனோசாரஸ் ரெக்ஸ்தான் வேண்டும் என்று அவருடைய பேத்தி சொல்லிவிட்டாள். தை மாதம் ஆரம்பித்து, மே மாதக் கோடை விழாவுக்குள் முடிப்பது என்று பேச்சு.

சிலை செய்ய வந்தவர் சேலத்துக்காரர். முப்பது வருடமாகச் சுதை வேலை செய்கிறவர். சேலத்தைச் சுற்றிச் சாலையோரங்களில் முறுக்கிய மீசையோடு உட்கார்ந்திருக்கும் பெரிய முனியப்பன் சிலைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த வேலையில் கை தேர்ந்தவர். நான் சேலத்தில் ஒரு பள்ளியில் விலங்கியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். சிலையின் உடலமைப்பு சரியாக வருகிறதா என்று பார்த்துச் சொல்லவும், பக்கத்தில் வைக்கும் தகவல் பலகையை எழுதித் தரவும் என்னைக் கூப்பிட்டார்கள்.

அந்தச் சிலையில் கைகள் இரண்டும் மிகச் சின்னப் பகுதி. ஆனால் எங்களுக்கு அதிகத் தடுமாற்றம் வந்தது அங்கேதான். கம்பியை ஒரு தடவை வெட்டினோம், பூச்சை ஒரு தடவை உடைத்தோம், பலகை வாசகம் மூன்றாவது தடவையில்தான் நிலைத்தது. பள்ளிக்கோ பூங்காவுக்கோ இப்படி ஒரு சிலை வைக்க நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சிலை செய்தவரிடமும் தோட்டக்காரரிடமும் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

கம்பிக் கூடு

முழு அளவில் செய்தால் செலவு கட்டுப்படியாகாது. பாதி அளவு என்று முடிவானது. வளர்ந்த டி-ரெக்ஸ் மூக்கிலிருந்து வால் நுனிவரை ஏறத்தாழ 12 மீட்டர். சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘சூ’ என்கிற எலும்புக்கூடு 12.3 மீட்டர். மண்டை ஓடு சுமார் 1.4 மீட்டர், தொடை எலும்பு 1.3 மீட்டர். கை மட்டும் தோளிலிருந்து விரல் நுனிவரை ஏறத்தாழ 1 மீட்டர். எல்லாவற்றையும் பாதியாக்கி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: நீளம் 6 மீட்டர், தலை 70 சென்டிமீட்டர், கை 50 சென்டிமீட்டர்.

பத்து நாள் கழித்துப் போனேன். கூடு வெல்டிங் முடிந்து நின்றது. இடுப்பு ஆள் உயரத்துக்கு இருந்தது. தலை, கால், வால் எல்லாம் சொன்ன அளவு. கை மட்டும் 90 சென்டிமீட்டர்.

“ஏன் அண்ணா, ஐம்பதுன்னுதானே எழுதியிருந்தேன்?” என்று கேட்டேன்.

“கைதவறி எழுதிட்டீங்கன்னு நெனச்சேங்க டீச்சர். இம்மாம் பெரிய உடம்புக்கு அத்துனூண்டு கை வெச்சா ஊனமாத் தெரியும். பாக்குறவங்க சிலை செஞ்சவனைத்தான் திட்டுவாங்க.”

அவர் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சிற்ப வேலையில் முகத்தை வைத்துத்தான் மற்ற உறுப்புகளை அளப்பார்கள். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு முகம் என்பது அவர் கைப்பழக்கம். இங்கேயோ தோளிலிருந்து நுனிவரை மொத்தக் கையுமே ஒரு முகத்துக்குக் குறைவு. முப்பது வருடப் பழக்கம் அதை ஏற்க மறுத்ததில் ஆச்சரியமில்லை. அளவைச் சொன்ன நான் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

உட்கார்ந்து பேசினோம். கை குட்டை, ஆனால் சூம்பிப் போன கை கிடையாது என்று விளக்கினேன். மேல்கை எலும்பு தடியானது. தசை பிடித்துக்கொள்ளும் மேடுகள் அதில் நன்றாகத் தெரியும். கையை மடக்கும் இருதலைத் தசை ஒன்று மட்டும் ஏறத்தாழ 200 கிலோவைத் தூக்கக்கூடியது என்று ஆய்வாளர்கள் கென்னத் கார்ப்பெண்டரும் மேட் ஸ்மித்தும் 2001-ல் கணக்கிட்டார்கள். அதே சமயம் அசைவு ரொம்பக் குறைவு: தோளில் 40 பாகை, முழங்கையில் 45 பாகை அளவுக்குத்தான் என்பது அவர்கள் மதிப்பீடு. அவர் கொஞ்ச நேரம் தன் கையையே மடக்கி நீட்டிப் பார்த்தார். அப்புறம், “அப்ப குட்டையா, கெட்டியா வேணும். மல்லு கட்டுறவன் கை மாதிரி,” என்றார். அதற்குமேல் அளவைப் பற்றி எங்களுக்குள் பேச்சு வரவில்லை.

தொங்கவிட்டுப் பார்த்தது

பழைய படங்களில் டி-ரெக்ஸ் நிமிர்ந்து நின்று வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு போகும். இப்போது யாரும் அப்படி நிறுத்துவதில்லை. முதுகும் வாலும் தரைக்குக் கிட்டத்தட்ட இணையாக, இடுப்பை நடுவாக வைத்துத் தராசுத் தண்டுபோல நிற்க வேண்டும். இரண்டு கால்களில் சிமெண்டுச் சிலையை அப்படி நிறுத்துவது லேசான காரியமில்லை. எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்தால்தான் அஸ்திவாரம் போட முடியும். அதனால் கூட்டை இடுப்பில் கட்டிச் செயின் பிளாக்கில் தூக்கினார்கள். பூச்சின் எடைக்கு ஈடாகத் தலையிலும் கையிலும் மணல் மூட்டைகளைக் கட்டினார்கள்.

தலைப்பக்கம் சட்டென்று தாழ்ந்தது. வாலில் மூட்டை ஏற்ற ஏற்ற மெதுவாக மேலே வந்தது. கைகளை 50-க்கு வெட்டி, கையில் கட்டியிருந்த மூட்டைகளையும் குறைத்த பிறகு, வால் பக்கத்திலிருந்து ஐந்தாறு கிலோ மணலை இறக்க முடிந்தது. “பாத்தீங்களா டீச்சர், தலை பெருத்தா கை குறையணும். சாமி கணக்குப் போட்டுத்தான் வெச்சிருக்குது,” என்றார் சிலைக்காரர். அந்தக் காட்சி எனக்கும் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. அதுவே பிறகு என்னைத் தப்பாக எழுத வைத்தது.

உள்ளங்கை

அடுத்த தவறு முழுக்க என்னுடையது. விரல் அமைப்புக்கு மாதிரியாக ஒரு படத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். விரல் இரண்டுதானா என்று மட்டும் பார்த்தேனே தவிர, உள்ளங்கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்கவில்லை. படத்தில் இரண்டு கையும் தரையைப் பார்த்துத் தொங்கின. அப்படியே கோழிவலை கட்டி, கலவை பூசி, நகம்வரை இழைத்து முடித்துவிட்டார். ஊன் உண்ணும் டைனோசர்களின் மணிக்கட்டு அப்படித் திரும்பாது. உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி, கை தட்டப் போகிறவர் வைத்திருப்பதுபோல இருக்கும்.

சொல்லத் தயக்கமாக இருந்தது. இரண்டு நாள் கூலியும் அரை மூட்டை சிமெண்டும் வீண். தோட்டக்காரரோ, கீழே இருந்து பார்க்கிற குழந்தைக்கு என்ன தெரியப்போகிறது, விட்டுவிடலாம் என்றார். குழந்தைகள் பார்த்துப் பழகும் வடிவம்தான் அவர்கள் மனதில் நிற்கும், பிறகு புத்தகத்தில் திருத்துவது கஷ்டம் என்று சொன்னேன். உடைப்பது என்று முடிவானது. செலவில் என் பங்கைக் கொடுக்க முன்வந்தேன், அவர் வாங்கவில்லை.

இந்த முறை படத்தை நம்பவில்லை. சித்தாள் பையனை அனுப்பிக் கடையிலிருந்து நாலு கோழி றெக்கை வாங்கி வரச் சொன்னேன். வேகவைத்து, சதையை எடுத்துவிட்டு, எலும்புகளை ஒரு பலகைமேல் வரிசையாக வைத்தோம். மேல்கையில் ஒரு எலும்பு, முன்கையில் இரண்டு, நுனியில் மூன்று விரல்களின் மிச்சம். அவற்றில் இரண்டு ஒட்டிப் போய்விட்டன. முதல் விரல் மட்டும் தனியாகச் சின்ன முள்போல நிற்கும். றெக்கை மடங்கும்போது மணிக்கட்டு பக்கவாட்டில்தான் மடங்குகிறது, உள்ளங்கை கீழே திரும்புவதே இல்லை. பறவைகள் இந்த ஊனுண்ணி டைனோசர் கிளையிலிருந்து வந்தவை என்பதால், கோழி றெக்கையே நமக்குக் கிடைக்கிற நல்ல மாதிரி. சிலைக்காரர் ஒரு றெக்கையை எடுத்து இருபது தடவையாவது மடக்கிப் பார்த்திருப்பார். இரண்டாவது முறை செய்த கையில் நான் எந்தத் திருத்தமும் சொல்லவில்லை.

கைத்தவறு எங்களுக்கு மட்டும் வந்தது என்று சொல்ல முடியாது. நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1915-ல் டி-ரெக்ஸ் எலும்புக்கூட்டை நிறுத்தியபோது, கை எலும்புகள் முழுசாகக் கிடைக்காததால் அல்லோசாரஸ் என்கிற வேறொரு வேட்டை டைனோசரைப் பார்த்து மூன்று விரல் வைத்தார்கள். முழுக் கை எலும்பு கிடைத்தது 1988-ல் மொன்டானாவில் கண்டெடுத்த எலும்புக்கூட்டில்தான். விரல் இரண்டு. மூன்றாவது விரலுக்கு உள்ளங்கைக்குள் ஒரு சின்னச் சிம்பு எலும்பு மட்டும் மிச்சம்.

பலகை: முதல் வாசகம்

நான் எழுதுவதற்கு முன்பே தோட்டக்காரர் யாரிடமோ ஒரு வாசகம் வாங்கி வைத்திருந்தார்: “வாயாலேயே வேட்டையாடியதால் கைகளைப் பயன்படுத்தவில்லை. அதனால் அவை நாளடைவில் சுருங்கிவிட்டன.”

வகுப்பில் பல வருடம் திருத்திய பிழை இது. லாமார்க்கின் பயன்பாடு, பயன்படுத்தாமைக் கோட்பாட்டைப் பாடமாகப் படிக்கிற பிள்ளைகள், அது கைவிடப்பட்ட கோட்பாடு என்பதை மறந்துவிட்டு அதையே விடையாக எழுதுவார்கள். சொல்லிப் புரியவைப்பது சுலபமில்லை. அன்று சிலைக்காரர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கரண்டி பிடித்துப் பிடித்து வலது உள்ளங்கையில் காய்ப்புக் காய்த்திருந்தது. அதைக் காட்டி, “இந்தக் காய்ப்பு எம்பையன் கையில இல்லைங்களே. அவன் பெங்களூர்ல கம்ப்யூட்டர் தட்டுறான்,” என்றார். ஒரு பிறவியில் உடம்பு அடைந்த மாற்றம் பிள்ளைக்குப் போவதில்லை. பிறக்கும்போதே கை சற்றுக் குட்டையாக வந்த விலங்குகள் அதனால் நஷ்டப்படாமல், அல்லது லாபப்பட்டு, அதிகக் குட்டிகளை விட்டுச் சென்றால்தான் தலைமுறைக்குத் தலைமுறை கை குட்டையாகும். பயன்படாமை அதற்கு வழி விடலாம். அதுவே கையைச் சுருக்காது. அந்த வாசகத்தை எடுத்துவிட்டோம்.

இரண்டாவது வாசகம், என் பிழை

செயின் பிளாக்கில் பார்த்தது மனதில் இருந்ததால் நான் இப்படி எழுதினேன்: “தலை பெருத்ததால், உடலின் எடையைச் சமன் செய்யக் கைகள் சிறுத்தன.” சித்திரையில் பலகை ஏறியது. கோடை விழாவுக்கு வந்த கூட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி பலகையை நின்று படித்துவிட்டு என்னிடம் வந்தார். “மேடம், விலங்கு எட்டு டன்னுக்குப் பக்கம்னு நீங்களே போட்டிருக்கீங்க. ரெண்டு கையும் சேர்ந்தா அதுல எவ்வளவு இருக்கும்? அந்த எடையைக் குறைச்சா பேலன்ஸ் ஆகிடுமா?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவர் கேட்டது நியாயம் என்று தெரிந்தது. எங்கள் சோதனையில் தெரிந்தது சிமெண்டின் எடை. நாங்கள் வெட்டியதும் 90-லிருந்து 50, அதாவது ஒரு கற்பனைக் கையிலிருந்து உண்மைக் கைக்கு. சமநிலைக்கு அது ஓரளவு உதவியிருக்கலாம். ஆனால் ‘அதனால்தான் சிறுத்தன’ என்று எழுதுவதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை. பார்க்க நன்றாக இருந்த ஒரு காட்சியைக் காரணமாக்கிவிட்டேன்.

மூன்றாவது வாசகத்துக்கு யோசித்தது

இந்தத் தடவை, எலும்பைப் பார்த்துச் சொல்ல முடிவதை ஒரு பக்கமும், ஊகங்களை இன்னொரு பக்கமும் பிரித்து எழுதுவது என்று வைத்துக்கொண்டேன்.

எலும்பு சொல்வது நிறையவே இருக்கிறது. டி-ரெக்ஸின் தூரத்து முன்னோர் கூட்டத்தைச் சேர்ந்த குவான்லாங், சீனாவில் சுமார் 16 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது; 3 மீட்டர் நீளம், மூன்று விரலோடு நீளமான கை. அதே கூட்டத்தில், சீனாவிலேயே கிடைத்த யூட்டிரானஸ் 9 மீட்டர் இருந்தும் மூன்று விரல்தான். ஆகவே கை ஒரேயடியாகக் குறையவில்லை. உடலும் தலையும் பெரிதாகிவந்த அந்த நீண்ட பாதையில் கை பின்தங்கியது.

இன்னும் முக்கியமானது, இது டி-ரெக்ஸுக்கு மட்டும் நடந்ததில்லை. அர்ஜென்டினாவில் கிடைத்து 2022-ல் விவரிக்கப்பட்ட மெராக்சஸ் கிகாஸ் வேறு குடும்பம். டி-ரெக்ஸ் தோன்றுவதற்கு 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் குடும்பத்துப் பெரிய வேட்டை விலங்குகள் இல்லாமல் போய்விட்டன. ஆனாலும் அதற்கும் பெரிய தலை, 60 சென்டிமீட்டர் அளவில் ஒரு கை, அதில் நல்ல தசைப்பிடிப்பு. மூன்றாவது, கார்னோடாரஸ் சேர்ந்த அபெலிசாரிட் குடும்பம். இவற்றின் கை டி-ரெக்ஸைவிடச் சிறியது: விரல் நான்கு இருந்தும் முன்கை மேல்கையில் கால்வாசிதான். டி-ரெக்ஸின் கை குட்டையானாலும் திடமானது. கார்னோடாரஸின் கையைப் பார்த்தால் பறக்காத ஈமுவின் றெக்கைதான் ஞாபகம் வரும். இரண்டையும் ஒரே காரணத்தில் அடைக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தனித்தனியாக மூன்று குடும்பங்களில், தலை பெரிதாகித் தாடையே வேட்டைக் கருவியான இடத்தில் எல்லாம் கை குறைந்திருக்கிறது என்பது தற்செயல் மாதிரித் தெரியவில்லை.

ஊகங்கள் என்று பார்த்தால், 1906-ல் ஹென்றி ஆஸ்போர்ன் இணைசேரும்போது பிடித்துக்கொள்ளக் கை உதவியிருக்கலாம் என்றார். 1970-ல் நியூமன், படுத்த விலங்கு எழுந்திருக்கும்போது ஊன்றிக்கொள்ள என்றார். கார்ப்பெண்டரும் ஸ்மித்தும் துடிக்கும் இரையை மார்போடு அணைத்துப் பிடிக்க என்றார்கள். கிட்ட நெருங்கி நகத்தால் கிழிக்க என்று ஒரு கருத்து 2017-ல் வந்தது. 2022-ல் கெவின் பேடியன் கேள்வியையே திருப்பிப் போட்டார்: பல டி-ரெக்ஸ்கள் ஒரே இரையில் வாய் வைக்கும்போது, நீண்ட கை பக்கத்து விலங்கின் வாயில் சிக்கும், அதைத் தவிர்க்கவே கை குறைந்திருக்கலாம். இவற்றில் எது சரி என்று எலும்பு மட்டும் சொல்லிவிடாது. அதோடு, கை எதற்குப் பயன்பட்டது என்பது ஒரு கேள்வி, ஏன் சிறுத்தது என்பது வேறு கேள்வி. ஒன்றுக்கான பதிலை மற்றதற்கு எழுதுவதால்தான் பாதிக் குழப்பமும் வருகிறது.

கடைசியில் பலகையில் ஏறியது இதுதான்: “கை குட்டை, ஆனால் வலுவானது. விரல் இரண்டு. இதன் முன்னோர்களுக்கு நீண்ட கையும் மூன்று விரலும் இருந்தன. பெரிய தலையுள்ள வேறு வேட்டை டைனோசர்களுக்கும் தனித்தனியாகக் கை சிறுத்திருக்கிறது. இந்தக் கை எதற்குப் பயன்பட்டது என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” கீழே கண்ணாடிப் பெட்டியில் கழுவிக் காயவைத்த கோழி றெக்கை எலும்புகள்.

பிறகு பார்த்தவை

இரண்டு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தேன். வருகிற பிள்ளைகள் எல்லாம் முதலில் செய்வது ஒன்றே: முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு இரண்டு விரலை ஆட்டிச் சிரிப்பது. அதில் தப்பில்லை. பலகை மாறிய பிறகு சிலர் சிரித்து முடித்துவிட்டுப் பெட்டிக்குப் போய் எலும்பைப் பார்த்தார்கள். ஒரு அப்பா தன் பெண்ணுக்குக் கோழி றெக்கையில் விரல் எது என்று சரியாகக் காட்டினார். கறி வெட்டிப் பழகிய கையாக இருக்கும். ஒரு பையன், “கையே இல்லாத மாதிரி இருந்தா பாம்பு மாதிரி ஆயிடுமா?” என்று கேட்டான். பலகையைவிட அது நல்ல கேள்வி.

நாங்கள் எதிர்பார்க்காத கேள்வி ஒன்றும் அடிக்கடி வந்தது: “இது இங்கே கிடைச்சதா?” டி-ரெக்ஸ் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், சுமார் 6.8 முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. சேர்வராயன் மலைப் பாறையோ பூமிக்கடியில் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவான சார்னோக்கைட். வயது 250 கோடி ஆண்டு. அதில் எலும்பு கிடைக்காது. அடிவாரத்து வெள்ளைக்கல் சுரங்கப் பக்கம் கிடைக்கும் கட்டிகளைச் சிலர் எலும்பு என்று எடுத்து வருவதுண்டு, அது மேக்னசைட். டைனோசர் காலத்துப் படிவுகளுக்கு அரியலூர்ப் பக்கம்தான் போக வேண்டும். அங்கே கல்லமேட்டில் கிடைத்த புருஹத்காயோசாரஸைக்கூட 1980-களில் முதலில் வேட்டை விலங்கு என்றுதான் விவரித்தார்கள். நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி என்று பிறகு திருத்தினார்கள்.

அடுத்த முறை

டி-ரெக்ஸுக்குப் பதில் அபெலிசாரிட் ஒன்றைச் செய்யச் சொல்வேன். குஜராத்தில் கிடைத்து 2003-ல் பெயரிடப்பட்ட ராஜாசாரஸ் அந்தக் குடும்பம்தான். நம் நாட்டு விலங்கு, அந்தக் குடும்பத்தின் கையும் இன்னும் வியப்பானது. வேலை ஆரம்பிக்கும் அன்றே கோழி றெக்கையைச் சிலைக்காரர் கையில் கொடுப்பேன். அளவோடு காரணத்தையும் சொல்வேன். பலகையை சிமெண்டில் பதிக்காமல் கழற்றி மாட்டும்படி செய்வேன். இரண்டாவது வாசகத்தை எடுக்கும்போது உளியோடு பட்ட பாடு போதும்.

ஐப்பசி மழையில் இடது மணிக்கட்டில் வெடிப்பு விட்டு, பாசி பிடித்தது. மெல்லிய இடம், மலைப்பனியில் பூச்சு சரியாகக் காயவில்லை. மழை விட்டதும் சிலைக்காரர் வந்து கையைத் திறந்தார். நான் போனபோது கலவை குழைத்துக்கொண்டிருந்தார். திறந்த உள்ளங்கைக்குள், இரண்டாவது விரல் கம்பிக்குப் பக்கத்தில், விரல் நீளத்துக்குக் கட்டுக்கம்பி ஒன்று புதிதாகச் சேர்ந்திருந்தது. இது எதற்கு என்று கேட்டேன்.

“மூணாவது விரல் உள்ளே சிம்பா இருக்குதுன்னு சொன்னீங்களே டீச்சர். போன தடவை விட்டுட்டேன்,” என்று சொல்லிக்கொண்டே அதன்மேல் பூசி மூடினார்.